கால்கள் சுத்தமாக இருக்கட்டும்

1. முதல் பிளேட்

வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்த முதல் பிளேட்டைப் பார்த்து நான் பயந்து போனேன். கண்ணாடியில் ஒரு மணப்பெண். முகம் தார் பூசியது போலக் கறுப்பு. தலைமுடி பஞ்சு வெள்ளை. தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் கரித்துண்டுகளாகத் தெரிந்தது. "யா அல்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

முதலாளி வைத்தி சார் சிரித்தார். "பயப்படாதே. இதுக்குப் பேர் நெகடிவ். இதுல வெள்ளைக்காரன் கறுப்பா இருப்பான், நாம வெள்ளையா இருப்போம். லோகத்துல வேற எங்கேயும் இந்த நியாயம் கெடையாது. நன்னா அனுபவிச்சுக்கோ" என்றார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஸ்டூடியோ மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. நான் ராயப்பேட்டைப் பெண், பெயர் மெஹருன்னிசா. எங்கள் வீட்டில் புடவைக்கும் ரவிக்கைக்கும் சரிகைப் பூவேலை செய்து கொடுப்போம். துணியில் பென்சிலால் டிசைன் போடுவது என் பங்கு. வைத்தி சாரின் மனைவி ஒரு ரவிக்கையைப் பூவேலைக்குக் கொண்டுவந்தபோது என் பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கை நம்ம ஸ்டூடியோவுக்கு வேணும்" என்று என் அம்மீயிடம் கேட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாத கோஷா வீட்டுப் பெண்களை அந்த அம்மாள்தான் படம் எடுப்பார். ஆனால் எடுத்த பிளேட்டை ஓர் ஆண் எதிரே வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பென்சிலால் திருத்தி டச்சிங் செய்தால், கோஷா எங்கே இருக்கிறது? பெண்தான் டச்சிங் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். என்னை வெளியே விடாத அதே வழக்கம்தான் எனக்கு வெளியே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. காலையில் அண்ணன் டிராமில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் கூட்டிப்போவார்.

பின்னறையில், ஜன்னல் ஓரம் என் மேஜை. அடியில் வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். மேலே சாய்வாக வைத்த பிளேட் விளக்குப் போட்டது போலத் தெரியும். பிளேட்டில் முதலில் ஒரு பிசின் மருந்தைத் தடவுவோம், பென்சில் பிடிப்பதற்காக. பிறகு ஊசி போலச் சீவிய பென்சிலால் கமா கமாவாகப் புள்ளி வைத்து நிரப்புவோம். பிளேட்டில் எங்கே வெளிச்சம் அதிகமாக ஊடுருவுகிறதோ, அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். அதைப் பென்சிலால் அடைத்தால் கறுப்பு போய்விடும். தொழில் இவ்வளவுதான். இவ்வளவையும் சரியாகச் செய்ய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அந்தக் காலத்து பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எதுவானாலும் கறுப்பாகத்தான் விழும். குங்குமம் வைத்துக்கொண்டு வந்தால் படத்தில் கறுப்புச் சாந்துப் பொட்டாக இருக்கும். நேரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பரு, வேர்க்குரு, ஆறிக்கொண்டிருக்கும் சிராய்ப்பு எல்லாம் பிளேட்டில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் டச்சிங் இல்லாமல் எந்தப் படமும் வெளியே போகாது.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வது எல்லோருக்கும் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வருஷத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் என் டச்சிங்குக்கு ஈடு கிடையாது. அடையாற்றிலிருந்து வரும் வெள்ளைக்காரத் துரைசானிகள்கூட, "போன தடவை செய்த அதே ஆளே செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஆள் திரைக்குப் பின்னால் இருபது வயதில் கடலை கொறித்துக்கொண்டிருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

2. மாஸ்டர்

ஸ்டூடியோவுக்கு நாலு தெரு தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அந்தப் பள்ளியின் டிரில் மாஸ்டர் பட்டாளத்திலிருந்து வந்தவர். அவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் வந்த இரண்டாம் வருஷமே பள்ளியின் புட்பால் டீம் ஷீல்டு ஜெயித்தது. அடுத்த வருஷமும் ஜெயித்தது. அதற்கடுத்த வருஷமும்.

அப்போது மயிலாப்பூரில் மாஸ்டருக்கு நடந்த மரியாதையை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். ஷீல்டு வந்த அன்று மாட வீதியைச் சுற்றி நாதஸ்வரத்தோடு ஊர்வலம். முடி திருத்தும் கடையில் 'மாஸ்டர் கிராப்' என்று கேட்டால் பின்னந்தலையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். தாய்மார்கள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போய், "கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்கோ மாஸ்டர், இவன் ஆளாகணும்" என்பார்கள். சும்மா பேச்சுக்குச் சொல்வது அது. யாரும் தோலை நினைத்துச் சொல்வதில்லை.

அந்த மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு. ஸ்டூடியோ வாசல் ஷோகேஸில் மாஸ்டரின் பெரிய படம் ஒன்று இருந்தது. அதற்கு டச்சிங் நான். கண்ணுக்குக் கீழே தொங்கிய பையை எடுத்தேன், கன்னத்து அம்மைத் தழும்பை எடுத்தேன், மீசைக்கு இஸ்திரி போட்டேன். பத்து வயது குறைந்துவிட்டது. அந்தப் படத்துக்குக் கார்டு சைஸில் காப்பி போட்டு மாளவில்லை. பையன்கள் அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனார்கள்.

ஷீல்டு வந்த ஒவ்வொரு வருஷமும் டீம் படம் எடுப்போம். நடுவில் மாஸ்டர் நாற்காலியில், மடியில் ஷீல்டு. சுற்றிப் பதினோரு பையன்கள், அரைக்கால் சட்டை, வெறுங்கால். முதல் வருஷம், டச்சிங்குக்கு முன் பார்க்க அனுப்பிய மாதிரிப் படத்தைப் பள்ளிச் செக்ரட்டரி அதன் உறையோடு திருப்பி அனுப்பினார். அவர் ஹைகோர்ட் வக்கீல். எங்கள் ஸ்டூடியோவில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு காகித உறை உண்டு. அதன்மேல் 'டச்சிங்' என்று அச்சடித்த கட்டத்தில் வாடிக்கையாளர் தன் விருப்பத்தை எழுதுவார். அந்தக் கட்டத்தில் செக்ரட்டரி தன் கையாலேயே எழுதியிருந்தார்: "கால்கள் சுத்தமாக இருக்கட்டும்."

பிளேட்டை மேஜையில் வைத்துப் பார்த்தேன். பதினோரு பையன்களுக்கும் முழங்காலுக்குக் கீழே குறுக்காகக் கோடுகள். இரண்டிரண்டாக, ரயில் தண்டவாளம் போல.

இதைப் படிக்கிறவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் அதுவரை புட்பால் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சிப்பாய்களைப் போலவும் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரப் பையன்களைப் போலவும் இவர்களும் பூட்ஸும் நீளமான சாக்ஸும் போட்டுத்தான் ஆடுவார்கள், சாக்ஸை இழுத்துக் கட்டிய நாடா அழுத்தித்தான் இந்தத் தடம் விழுந்திருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். அப்படியானால் படத்தில் ஏன் வெறுங்கால்? அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கத்தில் பூட்ஸோடு நிற்பது மரியாதை இல்லை என்று கழற்றிவிட்டு நிற்கிறார்கள். எவ்வளவு பணிவான பிள்ளைகள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று வருஷம் அப்படியே நினைத்திருந்தேன். மூன்று உறையிலும் அதே வாசகம். மூன்று வருஷமும் கால்களைச் சுத்தம் செய்தேன். மூன்றாவது படம் என் கைவேலையிலேயே சிறந்தது. நாலு நாள் வேலை. காலின் உருண்டையைக் கெடுக்காமல், எலும்பின் நிழல் போகாமல், கோடு மட்டும் போக வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் கை பட்டது தெரியாது. பள்ளி ஹாலில் பெரிய சட்டத்தில் மாட்டினார்கள்.

3. மீன்கார அம்மாள்

யுத்தம் முடிந்திருந்தது. மூன்றாவது டீம் படம் எடுத்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டது. கூடவே மீன் வாசனை. வைத்தி சார் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டிருப்பார் என்று திரைக்குப் பின்னால் இருந்தபடியே எனக்குத் தெரிந்தது.

"இன்னா ஐயரே, இஸ்கூல்ல மாட்டிக்கீற படம் நீ புட்ச்சதுதான?"

"யாரும்மா நீ?"

"நான் அஞ்சல. கடலாண்ட குப்பத்துல கீறேன். படத்துல முன்னால குந்திக்கினு பந்து வெச்சிக்கினு கீறானே தேசிங்கு, அவன் எம் புள்ள. படத்துக்கு அடியில உன் கட பேரு கீதுன்னு அவன்தான் பட்ச்சி சொன்னான்."

அவர் சொன்னதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். ஆட்டத்தில் ஒரு பந்தைத் தவறவிட்டால் ஒரு அடி. பிராக்டீஸ் முடிந்ததும் மாஸ்டர் பையன்களை வரிசையாக நிறுத்தி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் பிரம்பால் அடிப்பார். வெளியே சொன்னால் டீமில் இடம் கிடையாது. படம் எடுத்த மூன்றாம் நாள், ஏற்கெனவே வீங்கியிருந்த தேசிங்குவின் காலில் அடி விழுந்தது. அந்தக் காலோடு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னார். ஆறாவது சுற்றில் எலும்பு முறிந்து விழுந்தான்.

அஞ்சலை ஆள் வைத்து மனு எழுதி ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். செக்ரட்டரி சொன்ன பதில் இது: பையன் கட்டுமரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பழியை மாஸ்டர்மேல் போடுகிறான். பொய் சொன்னதற்காக அவனுடைய டி.சி.யில் 'நடத்தை சரியில்லை' என்று எழுதிப் பள்ளியை விட்டு அனுப்பப் போகிறோம். பையன் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் இருந்தான். அப்படி எழுதிய டி.சி.யோடு போனால் எந்தப் பள்ளியும் அவனைப் பரீட்சைக்கு உட்கார விடாது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் நேரில் விசாரிக்க வருகிறார்.

"அந்த வக்கீல் ஐயா என்னிய ஹாலுக்கு இஸ்துக்கினு போயி படத்தக் காட்டறாரு. 'பாரு, உம் மவன் வுழறதுக்கு மூணு நாள் முந்தி எடுத்த படம். பதினோரு பேர்ல ஒருத்தன் கால்ல ஒரு கீறல் கீதா? இதத்தான் இன்ஸ்பெக்டருக்கும் காட்டுவேன்'றாரு. ஐயரே, எம் புள்ள காலுக்கு நான்தான் வெளக்கெண்ண தடவுனேன். பெரம்பு பட்டா ஒரு அடிக்கி ரெண்டு கோடு வுழும், தெரியுமா உனுக்கு? கோடு கோடா இருந்திச்சே, அதெல்லாம் எங்க பூடுச்சு? சொல்லு ஐயரே, எங்க பூடுச்சு?"

வைத்தி சார் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, கேமரா பொய் சொல்லாது."

என் கையில் பென்சில் இருந்தது. வேறு ஏதோ ஒரு குழந்தையின் படத்துக்குக் கன்னம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தக் கோடுகள் எங்கே போயின என்று உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

4. பதினாலு கோடு

அந்த அம்மாள் போனதும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"சார், டீம் பிளேட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"எதுக்கு?"

"அந்த அம்மா சொல்றது நெசம். கோடு இருந்திச்சு. நான்தான் அழிச்சேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "மெஹர், அது ஸ்கூல் வேலை. வருஷம் பூரா நமக்கு வேலை குடுக்கறவா. மாஸ்டர் யாரு, இந்த மீன்காரி யாரு? நம்ம ரகுவும் அந்த டீம்லதானே இருக்கான்? என் தங்கை புள்ளை, தகப்பன் இல்லாத கொழந்தைன்னு நான் வளர்க்கறேன். அடிச்சிருந்தா அவன் ஆத்துல வந்து சொல்லியிருக்க மாட்டானோ?"

ரகுவை நான் நேரில் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் படத்தில் அவன் இடது பக்கத்திலிருந்து நாலாவது ஆள் என்று தெரியும். டச்சிங் செய்கிறவளுக்கு ஆளின் பெயர் மறந்து போகும், புள்ளி வைத்த இடம் மறக்காது.

"ரகு வீட்டுல என்ன கட்டிக்கிட்டிருப்பான் சார்?"

"என்ன கட்டுவான், வேஷ்டிதான்."

"அதான் உங்க கண்ணுல படல. சார், ரகு கால்ல நான் பதினாலு கோடு அழிச்சிருக்கேன். அந்த அம்மா கணக்குப்படி ஏழு அடி."

அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பிளேட்டை எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். "காட்டு" என்றார்.

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்று. டச்சிங் பென்சில் பிசின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பிளேட்டின் மருந்துக்குள் போகாது. பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் பிசினோடு பென்சிலும் கரைந்து வந்துவிடும். கேமரா முதலில் என்ன பார்த்ததோ அது அப்படியே அடியில் இருக்கும்.

ரகுவின் கால்களைத் துடைத்தேன். நாலு துடைப்பில் பஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது. வைத்தி சார் லென்ஸை வைத்துக் குனிந்து எண்ணினார். உதடு அசைவது தெரிந்தது. பதினாலு வந்ததும் நிமிர்ந்து, "முகத்தைத்தான் பார்த்தேன். எல்லா வருஷமும் முகம் ஷார்ப்பா இருக்கான்னுதான் பார்த்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, என்மேல்தான். சாக்ஸ் தடமாம், பணிவாம்!

"மிச்சத்தையும் தொடை" என்றார்.

ஒவ்வொரு பையனாகத் துடைத்தேன். நாலு நாளில் கட்டியதை அரை மணியில் இடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனசு வலித்தது. அதைவிட நல்ல வேலை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பத்துப் பேர் முடிந்தது. பதினோராவது தேசிங்கு. அங்கே கையை நிறுத்திக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டே? அவன்தானே முக்கியம்?"

"அவன்தான் முக்கியம், அதனாலதான் சார். வக்கீல் என்ன சொல்வாரு? கத்தியால பிளேட்டைக் கீறிட்டாங்கன்னு சொல்வாரு. கத்தியால கீறினாலும் படத்துல கறுப்புக் கோடுதானே வரும். இவனை மட்டும் எல்லார் கண்ணு முன்னாலயும் தொடைக்கலாம்."

வைத்தி சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வக்கீலாத்துல பொறந்திருக்கணும்" என்றார்.

5. திங்கட்கிழமை

அம்மீயைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. "கோஷா வீட்டு வேலைன்னுதானே உன்னை அனுப்பினேன், கோர்ட்டு கச்சேரியில போய் நிக்கவா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். கடைசியில் அண்ணன்தான், "பொய்யை இவள் கையால் பூசியிருக்கிறாள், இவள்தான் கழுவ வேண்டும்" என்று முடித்து வைத்தார். புர்காவோடு, கைப்பையில் ஒரு சின்னப் புட்டி டர்பன்டைனும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன்.

பள்ளி ஹால். காலை பத்து மணி. நல்ல வெயில், நல்ல ஜன்னல். நடுவில் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் செக்ரட்டரி, கொஞ்சம் தள்ளி மாஸ்டர். அஞ்சலையும், காலில் கட்டோடு தேசிங்குவும் ஓரமாக நின்றார்கள். அவனை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். கறுத்த முகம், கறுத்த முடி. நெகடிவிலேயே பார்த்துப் பழகிய எனக்கு அதுவே புதிதாக இருந்தது. சுவரில் என் கைவேலை பெரிய சட்டத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

வைத்தி சார் தலைப்பாகை, கோட்டோடு, பிளேட்டையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். துடைத்த பிளேட்டிலிருந்து போட்ட புதுப் படத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார்.

செக்ரட்டரி நான் நினைத்தபடியே எழுந்தார். "சார், இது ட்ரிக் போட்டோகிராபி. பிளேட்ல கத்தியால கீறி எந்தக் கோடு வேணுமானாலும் போடலாம். எந்தக் கோர்ட்டும் இதை ஒத்துக்காது. தவிரவும் பாருங்கோ, கம்ப்ளெயின்ட் குடுத்த பையன் காலு மட்டும் சுத்தமா இருக்கு!"

"அந்த ஒரு காலைத்தான் உங்களுக்காக வெச்சிருக்கேன்" என்றேன். ஹாலில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

இன்ஸ்பெக்டர், "நீங்க யாரும்மா?" என்றார்.

"டச்சிங் செய்யறவ சார். சுவத்துல இருக்கிற படத்துல கால் சுத்தமா இருக்கே, அது என் பென்சில். கொஞ்சம் ஜன்னல்கிட்ட வாங்க."

எழுந்து வந்தார். பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து, "கீறியிருந்தா சாய்ச்சுப் பாக்கும்போது வெட்டு பளபளன்னு தெரியும். எங்கயாவது தெரியுதா பாருங்க" என்றேன். அவர் விரல் நுனியால் தடவிக்கூடப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. பிறகு லென்ஸை அவர் கையில் கொடுத்து தேசிங்குவின் காலைப் பார்க்கச் சொன்னேன். புட்டியைத் திறந்தேன். ஹால் முழுக்க டர்பன்டைன் வாசனை. பஞ்சை நனைத்து, ஒரே ஒரு துடைப்பு.

அவர் மூச்சை இழுத்தது என் காதில் விழுந்தது. இரண்டாவது துடைப்பு. மூன்றாவது. லென்ஸுக்கு அடியில் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இருபத்திரண்டு. மூன்று நாள் கழித்து முறியப்போகிற இடத்தில் மட்டும் கோடே பிரிக்க முடியாமல் ஒரே திட்டாக இருந்தது.

"அதான் சாமி, அதான்!" என்றார் அஞ்சலை. தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டான்.

செக்ரட்டரி குரலைத் தாழ்த்தினார். "அப்படி ஏதாவது நடந்திருந்தா கமிட்டிக்கு இது தெரியாது சார். இன்னிக்குத்தான் பார்க்கறோம்."

வைத்தி சார் கோட்டுப் பையிலிருந்து மூன்று காகித உறைகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். "தெரியாதுன்னா சொல்றேள்? மூணு வருஷமும் 'கால்கள் சுத்தமாக இருக்கட்டும்'னு எழுதியிருக்கே, இது யார் கையெழுத்துன்னு பார்த்துச் சொல்லுங்கோ சார்" என்றார்.

செக்ரட்டரி உறைகளைப் பார்த்தார். மாஸ்டர் எழுந்தார். லென்ஸை வாங்கி அவரும் பிளேட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு செக்ரட்டரியிடம் திரும்பி, "ஷீல்டு வேணும், எப்படியாவது வேணும்னு என்கிட்ட சொன்னது யாரு சார்? பையனுங்க கால் வீங்கியிருக்குன்னு ஹெட்மாஸ்டர் வந்து சொன்னப்போ, வாயை மூடுங்கன்னது யாரு?" என்றார். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். மாஸ்டர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை என்று மட்டும் தெரிந்தது.

6. வேண்டாம்

நியாயம் முழுசாக நடந்தது என்று சொன்னால் அது இன்னொரு டச்சிங். மாஸ்டர் உடல்நிலை காரணமாக வேலையை விடுகிறார் என்று பள்ளியில் நோட்டீஸ் போட்டார்கள். மாலை மரியாதையோடு வழியனுப்பினார்கள். செக்ரட்டரி பதவியில் நீடித்தார். அடி என்ற வார்த்தை எந்தக் காகிதத்திலும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஷோகேஸிலிருந்து மாஸ்டர் படத்தை எடுத்ததற்காக யாரோ கல்லெறிந்து எங்கள் கண்ணாடியை உடைத்தார்கள். வைத்தி சார் புதுக் கண்ணாடி போட்டு, அங்கே ஒரு குண்டுக் குழந்தையின் படத்தை வைத்தார். அந்தப் பள்ளி வேலை அதற்குப் பிறகு எங்களுக்கு வரவே இல்லை. ரகு தன் மாமா வைத்தி சாரிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தான், பிறகு ஒருநாள் சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்லி அழுதானாம்.

ஆனால் தேசிங்குவை வெளியே அனுப்பவில்லை. டி.சி.யில் எதுவும் எழுதவில்லை. அதே பள்ளியில் அதே வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதினான்.

ரிசல்ட் வந்த அன்று தாயும் பிள்ளையும் மாடியேறி வந்தார்கள். அவன் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தான். அஞ்சலை நேரே திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்கே வந்துவிட்டார். "பாஸாயிட்டான்மே! ஒரு படம் புடிக்கணும். நீதான் அயகு பண்ணணும்" என்றார்.

தேசிங்கு அம்மாவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்: "அக்கா, முழு ஆளா புடிக்கச் சொல்லுங்க. காலு தெரியணும்."

மறுநாள் பிளேட் என் மேஜைக்கு வந்தது. அரைக்கால் சட்டை, வெறுங்கால். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு மேடு, அதன் குறுக்கே தழும்பு. பழக்க தோஷம், பென்சிலை எடுத்துச் சீவிவிட்டேன். பிறகு உறையைப் பார்த்தேன். 'டச்சிங்' கட்டம் காலியாக இருந்தது. அதில் நானே "வேண்டாம்" என்று எழுதினேன்.

பிற்காலத்தில் என்னிடம் தொழில் கற்றுக்கொள்ள நிறையப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் முதல் நாளே பென்சில் சீவக் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். நான் முதலில் டர்பன்டைன் புட்டி இருக்கும் இடத்தைத்தான் காட்டுவேன்.